பக்கத்து லைனின் இரைச்சல்: டிஎஸ்எல் கிராஸ்டாக்கைப் பவர் பங்கீட்டால் அடக்குவது, அறிகுறி வாரியாக

கோவைப் பக்கம் ஓர் ஆலைக் குடியிருப்பில் 140 வீடுகளுக்கு இணையம் கொண்டுபோகும் செம்புக் கம்பிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தொலைபேசிக்காக எப்போதோ புதைத்த 100 ஜோடி ஜெல்லி கேபிள் (ஈரம் புகாமல் உள்ளே ஜெல்லி நிரப்பியது) இரண்டு. தொலைபேசிக் கம்பியிலேயே இணையம் அனுப்பும் முறைதான் டிஎஸ்எல். ஒரு முனையில் எங்கள் டிஎஸ்லாம், அதாவது எல்லா வீட்டு லைனும் ஆளுக்கொரு போர்ட்டில் வந்து சேரும் கருவி, மறுமுனையில் வீட்டு மோடம். வரும் புகார்களில் பெரும்பகுதி ஒரே நோய்தான்: ஒரு ஜோடியில் போகும் சிக்னல் பக்கத்து ஜோடிக்குள் கசிந்து அங்கே இரைச்சலாக ஏறுகிறது. புத்தகத்தில் குறுக்குப்பேச்சு என்பார்கள், நாங்கள் கிராஸ்டாக் என்போம். நோய் ஒன்றானாலும் அது வெளியே தெரியும் விதம் பல. அதனால் அறிகுறியை வைத்தே எழுதுகிறேன், உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

டிஎஸ்லாமுக்குள் போய் புரொஃபைல் (ஒரு லைனின் வேகம், பவர் போன்ற அமைப்புகள்) மாற்றும் அனுமதி உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அது சேவை நிறுவனத்திடம் இருந்தால், சோதனைகளை நீங்கள் செய்து எண்களை அவர்களிடம் கொடுங்கள். "நெட் ஸ்லோ" என்று சொல்வதற்கும் எண்களை நீட்டுவதற்கும் கிடைக்கும் பதிலில் நிறைய வித்தியாசம் உண்டு.

## எதைத் தொடும் முன்பும்

ஒரு நோட்டில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஐந்து எண்கள் எழுதுங்கள்: மார்ஜின் (லைன் விழாமல் இன்னும் எத்தனை டெசிபல் இரைச்சல் தாங்கும் என்பது), அட்டெனுவேஷன் (வழியில் சிக்னல் தேய்வது), சிங்க் வேகம் (இரு முனையும் பேசி ஒத்துக்கொண்ட வேகம்), தற்போது அனுப்பும் பவர், பிழை எண்ணிக்கை. டவுன்லோட், அப்லோட் இரண்டு திசைக்கும் வேண்டும். காலை 11 மணிக்கு ஒரு தடவை, இரவு 8 மணிக்கு ஒரு தடவை. இந்த இரண்டு பக்கங்களும் கையில் இல்லாமல் நான் எந்த புரொஃபைலையும் மாற்றுவதில்லை.

மூன்று கணக்குகள் மனதில் இருந்தால் போதும். டிஎஸ்எல் தன் அலைவரிசையைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றிலும் சில பிட் ஏற்றும், அந்தத் துண்டுதான் டோன். ஒரு டோனில் ஒரு பிட் கூடுதலாக ஏற்ற 3 டெசிபல் வேண்டும். ஏடிஎஸ்எல்2+ (டிஎஸ்எல்லின் பழைய வகை, விடிஎஸ்எல்2 அதைவிட வேகமான வகை) லைனில் 400 டோன் வேலை செய்கிறது என்றால், ஒவ்வொரு டெசிபல் மார்ஜினும் ஏறத்தாழ அரை மெகாபிட் வேகத்துக்குச் சமம். கேபிளில் ஓடும் லைன்கள் இரட்டிப்பானால் கிராஸ்டாக் சுமார் 1.8 டெசிபல் ஏறும்.

அடுத்து, தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்: வேகம் குறைந்த லைனுக்குப் பவரைக் கூட்டுவது. பெரும்பாலும் அது ஏற்கெனவே உச்சவரம்பில்தான் இருக்கும். ஏடிஎஸ்எல்2+ டவுன்லோடுக்கு அது சுமார் 20 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் பவர்), விடிஎஸ்எல்2-இன் 17ஏ புரொஃபைலுக்கு 14.5 டிபிஎம். வரம்பில் இடம் இருந்து எல்லா லைனுக்கும் 3 டெசிபல் கூட்டினாலும், சிக்னலும் 3 ஏறும், கிராஸ்டாக்கும் 3 ஏறும், மார்ஜின் இருந்த இடத்திலேயே நிற்கும். கஷ்டப்படும் லைனுக்கு உதவ வேண்டுமென்றால், தேவைக்கு மேல் பவர் வைத்திருக்கும் பக்கத்து லைனில் குறைக்க வேண்டும். கீழே வரும் பாதி வைத்தியம் இதுதான்.

இடி மின்னல் நேரத்தில் எம்டிஎஃப், அதாவது கட்டுப்பாட்டு அறையில் கேபிள் ஜோடிகள் வந்து முடியும் சட்டம், அதன் பக்கமே போகாதீர்கள். தொலைபேசி ஓடும் ஜோடியில் 48 வோல்ட் டிசி எப்போதும் இருக்கும், மணி அடிக்கும்போது 75 வோல்ட் போல ஏசி வரும்.

## அறிகுறி: பகலில் நன்றாக ஓடுகிறது, மாலையில் அறுந்து அறுந்து வருகிறது

என் நோட்டில் அதிகமாக வருவது இதுதான். ஒரு மாதிரி: காலை 11 மணிக்கு 20.5 மெகாபிட் வேகத்தில், 6 டெசிபல் மார்ஜினோடு சிங்க். இரவு ஏழரைக்கு மார்ஜின் 1.2. அப்புறம் லைன் விழுந்து, மறுபடி சிங்க் ஆகும்போது 18 மெகாபிட். மார்ஜின் இழந்தது 4.8 டெசிபல், வேகம் இழந்தது இரண்டரை மெகாபிட். கணக்கு அப்படியே பொருந்துகிறது. மாலையில் வீடு திரும்பியவர்கள் மோடமைப் போட்டதும் கேபிள் முழுக்கச் சத்தம் ஏறிவிட்டது.

### முதலில் பார்க்க வேண்டியது: பகல் நேரத்துப் பேராசை

பகலில் கேபிள் அமைதியாக இருக்கும்போது சிங்க் ஆன மோடம், அந்த அமைதியையே நிரந்தரம் என்று நம்பி ஏற்ற முடிந்த பிட்டை எல்லாம் ஏற்றிக்கொள்ளும். மாலைக்கு என்று கையில் எதுவும் மிச்சம் இருக்காது. அந்தப் போர்ட்டின் அதிகபட்ச வேகத்தை இரவு 8 மணிக்கு எழுதிய எண்ணுக்குக் கொஞ்சம் கீழே கட்டிவிடுங்கள். மேலே சொன்ன லைனுக்கு 17.5 மெகாபிட். வேகத்தைக் கட்ட விருப்பமில்லையென்றால் இலக்கு மார்ஜினை 6-இலிருந்து 9 ஆக்குங்கள். செலவு இல்லை, ஐந்து நிமிட வேலை. பகலில் இரண்டு மூன்று மெகாபிட் போகும், ஆனால் மாலையில் பாடம் நடக்கும்போது பிள்ளைக்கு லைன் அறாது. வீட்டுக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்தால் "வேகத்தைக் குறைத்துவிட்டார்கள்" என்று இன்னொரு புகார் வரும்.

இணைப்பு அறாமலே வேகத்தை ஏற்றி இறக்கும் வசதி இரு முனையிலும் இருந்தால் அதையும் போடுங்கள். பழைய மோடம்களில் இது பேருக்குத்தான் இருக்கும். போட்டுவிட்டு இரண்டு மாலை கவனியுங்கள்.

### அடுத்தது: யார் தேவைக்கு மேல் கத்துகிறார்கள்

இரவுப் பக்கத்தை எடுத்து, மார்ஜின் 15 டெசிபலுக்கு மேல் இருக்கும் போர்ட்டுகளை எல்லாம் வட்டமிடுங்கள். அட்டெனுவேஷன் குறைந்த, கட்டுப்பாட்டு அறைக்குப் பக்கத்து வீடுகளாகத்தான் இருக்கும். எங்களிடம் அப்படி ஒன்று இருந்தது: 8 மெகாபிட் திட்டம், அட்டெனுவேஷன் 12 டெசிபல், மார்ஜின் 24, பவர் 19.5 டிபிஎம். 8 மெகாபிட்டுக்கு அவ்வளவு பவர் எதற்கு?

அந்தப் போர்ட்டில் அதிகபட்ச மார்ஜினை 12 டெசிபல் என்று போட்டு, ஒரு தடவை சிங்க் ஆக விட்டேன். பவர் 8 டிபிஎம் பக்கம் இறங்கியது. முன்பு இருந்ததில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு. அந்த வீட்டின் வேகம் அதே 8 மெகாபிட். பக்கத்து ஜோடியில் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த லைனுக்கு இரண்டரை டெசிபல் மார்ஜின் திரும்பி வந்தது.

சில மோடம்கள் அதிகபட்ச மார்ஜின் கட்டளையை மதிப்பதில்லை. போட்டபின் பவர் எண் இறங்கியதா என்று பார்க்காமல் அடுத்த போர்ட்டுக்குப் போகாதீர்கள். இறங்கவில்லையென்றால் அதிகபட்ச பவரையே நேரடியாகக் குறைத்துப் போடுங்கள், ஒரு தடவைக்கு 3 டெசிபல் என்று.

எல்லாரையும் ஒரே நாளில் குறைக்க வேண்டாம். மார்ஜின் அதிகமுள்ளவரிடம் தொடங்கி வரிசையாக வாருங்கள். ஒருவர் குறைந்ததும் மற்றவர்களின் மார்ஜின் கொஞ்சம் ஏறும், அதனால் அவர்களிடமும் குறைக்க இடம் கிடைக்கும். முதல் சுற்று முடிந்ததும் இரண்டாவது சுற்று. எங்கள் கேபிளில் மூன்றாவது சுற்று தேவைப்படவில்லை. 2002-இல் வெய் யூ, ஜார்ஜ் கினிஸ், ஜான் சியோஃபி என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் எழுதிக்காட்டிய முறையின் சாரமும் இதுதான்: தன் வேகத்துக்கு வேண்டிய பவரை மட்டும் ஒவ்வொரு லைனும் எடுத்துக்கொண்டு, மாறி மாறிச் சரிசெய்துகொண்டே போவது. அவர்கள் டோன் டோனாகக் கணினியில் செய்தார்கள், நாம் போர்ட் போர்ட்டாக நோட்டில் செய்கிறோம்.

ஓர் எச்சரிக்கை. குறைத்த லைனின் மார்ஜின் இரவில் 9 டெசிபலுக்குக் கீழே போகக்கூடாது. மழைக்காலத்தில் ஜாயின்ட்டில் ஈரம் ஏறினால் அந்த 9-உம் தேவைப்படும்.

### இரண்டும் செய்தும் விழுகிறது என்றால்

கேபிளுக்குள் ஜோடிகள் சிறு சிறு கட்டுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். ஒரே கட்டில் பத்து லைனும் ஓடி, பக்கத்துக் கட்டு காலியாகக் கிடக்கலாம். ஆரம்பத்தில் வரிசையாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே போனதன் விளைவு. கஷ்டப்படும் லைனைக் காலியான கட்டுக்கு மாற்றுங்கள். எம்டிஎஃப் பக்கம் ஜம்பரை (போர்ட்டையும் கேபிள் ஜோடியையும் இணைக்கும் சிறு கம்பி) நீங்களே மாற்றலாம். டிபி பாக்ஸ் (கேபிளிலிருந்து வீடுகளுக்குப் பிரியும் பெட்டி) பக்கமும் ஜோடி வெளியே வந்திருந்தால் அரைமணி வேலை. வராமல் நடுவே ஜாயின்ட்டைத் திறக்க வேண்டியிருந்தால் கேபிள் ஜாயின்டரைக் கூப்பிடுங்கள். ஜெல்லி ஜாயின்ட்டைத் தெரியாதவர் திறந்து மூடினால் அடுத்த மழையில் பத்து வீடு போகும்.

## அறிகுறி: ஒரே ஒரு வீடு மட்டும் மோசம், குறிப்பிட்ட ஒரு போர்ட்டை அணைத்தால் சரியாகிறது

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை. பாதிக்கப்பட்ட போர்ட்டின் மார்ஜினைத் திரையில் வைத்துக்கொண்டு, அதே கேபிளில் இருக்கும் மற்ற போர்ட்டுகளை ஒவ்வொன்றாக ஒரு நிமிடம் அணைத்துப் போடுங்கள். வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டு மதியம் செய்யுங்கள். சாதாரண கிராஸ்டாக் என்றால் ஒவ்வொன்றை அணைக்கும்போதும் அரை டெசிபல், கால் டெசிபல் என்று நகரும். ஒரே போர்ட்டை அணைத்ததும் 6, 7 டெசிபல் ஒரேயடியாகத் துள்ளினால், பவர் புரொஃபைலை மூடிவையுங்கள். அது வயரிங் கோளாறு. அதைப் பவரால் மறைக்கப் பார்த்தால் காலம் முழுக்க அந்த இரண்டு வீடும் சண்டை போடும்.

### பெரும்பாலும்: ஜோடி மாறிப்போனது

சி பிளாக்கில் ஒரு வீட்டுக்கு மூன்று மாதம் அலைந்தேன். மோடம் மாற்றினேன், ஸ்ப்ளிட்டர் (பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் டப்பா) மாற்றினேன், டிராப் வயர் (டிபி பாக்ஸிலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி) புதிதாக இழுத்தேன். மீட்டரில் தொடர்ச்சி சரி, லூப் ரெசிஸ்டன்ஸ் சரி, மெக்கரில் (கம்பி உறையின் காப்பை அளக்கும் கருவி) இன்சுலேஷன் சரி. ஆனாலும் பக்கத்து வீட்டு மோடம் எரிந்தால் இந்த வீட்டில் மார்ஜின் 7 டெசிபல் விழும்.

கடைசியில் நடு ஜாயின்ட்டைத் திறந்தபோதுதான் தெரிந்தது. ஜெல்லி கேபிளில் முதல் ஐந்து ஜோடி வெள்ளை-நீலம், வெள்ளை-ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, வெள்ளை-பழுப்பு, வெள்ளை-சாம்பல். ஐந்திலும் ஒரு கம்பி வெள்ளைதான். முறுக்கைப் பிரித்துவிட்டால் எந்த வெள்ளை எந்த நிறத்தோடு வந்தது என்று சொல்லவே முடியாது. யாரோ அவசரத்தில் மூன்று விரற்கடை அதிகமாகப் பிரித்திருக்கிறார். நீலத்தோடு வந்த வெள்ளை ஆரஞ்சோடும், ஆரஞ்சோடு வந்த வெள்ளை நீலத்தோடும் சேர்ந்துவிட்டன. டிபி பாக்ஸில் மணியடித்துப் பார்த்து, நம்பர் சரியாக வரும்படி மறுபடி மாற்றிக் கட்டிவிட்டார்கள். மின்சாரத்துக்கு எல்லாம் சரி. ஆனால் நடுவில் 200 மீட்டருக்கு, ஒரு லைனின் இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளாமல் அடுத்த லைனின் கம்பிகளோடு முறுக்கிக்கொண்டு ஓடுகின்றன. முறுக்குதான் கிராஸ்டாக்குக்குத் தடுப்பு. அது போனால் தடுப்பே இல்லை.

ஜாயின்ட்டைத் திறக்காமலே இதைப் பிடிக்க வழி உண்டு, நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது. கெபாசிடன்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் போதும். இரு முனையிலும் ஜோடியைக் கழற்றிவிடுங்கள், டிஎஸ்லாமும் ஸ்ப்ளிட்டரும் இருக்கக்கூடாது. இரண்டு கம்பிகளுக்கும் நடுவே அளவெடுங்கள். நல்ல ஜோடிக்குக் கிலோமீட்டருக்கு 50 நானோஃபாரட் பக்கம் வரும், 310 மீட்டருக்கு 16. அதே நீளமுள்ள பக்கத்து ஜோடிகள் எல்லாம் 16 காட்டி, இது மட்டும் 12 காட்டினால் சந்தேகப்படுங்கள். பிறகு சந்தேகமுள்ள இரண்டு ஜோடிகளின் கம்பிகளையும் குறுக்காக மாற்றி அளந்து பாருங்கள். வேறு ஜோடியின் கம்பியோடு அளக்கும்போது எண் வழக்கத்துக்கு மேல் ஏறினால், உண்மையான துணை அங்கே இருக்கிறது.

தொலைபேசி இன்னும் ஓடும் லைன் என்றால் அதற்கும் எளிய வழி ஒன்று: ரிசீவரை எடுத்துக் காதில் வையுங்கள். பக்கத்து வீட்டுப் பேச்சு மெல்லக் கேட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

சரி, எங்கே மாறியது? உங்கள் வேலை எம்டிஎஃப், டிபி பாக்ஸ், வீட்டுச் சுவரில் இருக்கும் ரொசெட் பெட்டி இந்த மூன்றிலும் முறுக்கு கடைசி வரை வருகிறதா என்று பார்ப்பது வரைதான். மூன்றிலும் சரியென்றால் தவறு ஜாயின்ட்டுக்குள். டிடிஆர் கருவியோடு (கம்பியில் துடிப்பை அனுப்பி அதன் எதிரொலியைப் பார்ப்பது) வரும் ஜாயின்டரைக் கூப்பிடுங்கள். எத்தனையாவது மீட்டர் என்று அது சொல்லிவிடும், கண்ட இடத்தில் குழி தோண்ட வேண்டியதில்லை.

### இன்னொரு வாய்ப்பு: தொங்கும் கிளைக்கம்பி

பழைய எக்ஸ்டென்ஷன் போனுக்கு இழுத்து, பிறகு கழற்றாமல் விட்ட கம்பி. டோன் வாரியான படத்தில் ஓரிடத்தில் மட்டும் பள்ளம் விழுந்திருக்கும். 50 மீட்டர் கிளைக்கு 1 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம், 20 மீட்டருக்கு 2.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம். தேடி வெட்டிவிடுங்கள்.

## அறிகுறி: கரண்ட் போய் வந்ததும் ஒவ்வொரு தடவையும் வேறு வேகம்

எங்கள் பக்கத்தில் இது தனி ரகம். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மோடம் அணையாது. இல்லாத வீட்டில் அணையும். கரண்ட் வந்ததும் முதலில் எழுந்த மோடம் காலியான கேபிளைப் பார்க்கிறது, கடைசியில் எழுந்தது நிரம்பிய கேபிளைப் பார்க்கிறது. முதலில் வந்தவருக்கு 21 மெகாபிட், கடைசியில் வந்தவருக்கு 17. முதலில் வந்தவர் சந்தோஷப்படவும் முடியாது, கால்மணியில் மார்ஜின் தீர்ந்து விழுவார்.

எளிதிலிருந்து தொடங்கினால்: மேலே சொன்ன வேகக் கட்டுப்பாடே இதற்கும் மருந்து. இரவு எண்ணுக்குக் கட்டிய லைன் எந்த வரிசையில் எழுந்தாலும் ஒரே வேகத்தில்தான் நிற்கும். இரண்டாவது, டிஎஸ்லாமில் விர்ச்சுவல் நாய்ஸ் என்ற அமைப்பு இருந்தால், இரவு இரைச்சலின் வடிவத்தை அதில் கொடுக்கலாம். பக்கத்து லைன்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் விழித்திருப்பதாகவே எடுத்துக்கொண்டு மோடம் பிட் ஏற்றும். இதைத் தப்பாகக் கொடுத்தால் மொத்தக் கேபிளும் காரணமில்லாமல் வேகம் இழக்கும். எனவே ஒரே ஒரு போர்ட்டில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தபிறகு மற்றவற்றுக்குப் போடுங்கள். மூன்றாவது செலவுள்ளது: டிஎஸ்லாமுக்கு நல்ல பேட்டரி. டிஎஸ்லாமே விழுந்து எழுந்தால் எல்லா லைனும் ஒன்றாகப் போட்டியிடும், அந்த அரைமணி நேரத்து எண்களை நம்பி எதையும் மாற்றாதீர்கள்.

## அறிகுறி: தூரத்து வீடுகளுக்கு அப்லோட் மட்டும் படுத்துவிட்டது (விடிஎஸ்எல்2)

பக்கத்து வீட்டு மோடம் 100 மீட்டரிலிருந்து முழுப் பவரில் அனுப்புகிறது. தூரத்து வீட்டின் சிக்னல் 600 மீட்டர் தேய்ந்து வந்து, அதே இடத்தில் அதே கேபிளில் அதன் பக்கத்தில் நிற்கிறது. தூரத்துச் சிக்னல் நசுங்கிப்போகும். இதற்காகவே விடிஎஸ்எல்2-இல் அப்லோட் பவர் பின்னிழுப்பு, அதாவது யுபிபிஓ, வைத்திருக்கிறார்கள். மோடம் கேபிளின் நீளத்தைத் தானே கணித்து, கிட்டே இருந்தால் மெல்லப் பேசும்.

சோதனை சுலபம். கிட்டத்து வீட்டின் அப்லோட் பவரையும் தூரத்து வீட்டின் அப்லோட் பவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் யுபிபிஓ வேலை செய்யவில்லை.

காரணங்கள் இந்த வரிசையில் வரும். புரொஃபைலில் அது அணைந்திருக்கலாம், போட்டுவிட்டு எல்லாப் போர்ட்டையும் ஒரு தடவை சிங்க் ஆக்குங்கள். போட்டிருந்தும் நீளத்தைக் கையால் கொடுத்த பழைய எண் ஏதாவது மிச்சம் இருக்கலாம், அதை எடுத்துத் தானியங்கிக் கணிப்புக்கு விடுங்கள். இரண்டும் சரியென்றால் ஏதோ ஒரு வீட்டில் கட்டளையை மதிக்காத மோடம் இருக்கிறது. கிட்டத்துப் போர்ட்டுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். ஒரு மோடமை மாற்றியதில் எட்டு வீட்டுக்கு அப்லோட் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பட்டைக்கும் உரிய ஏ, பி எண்களை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள், அது கருவி விற்றவரின் பொறியாளர் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

## அறிகுறி: நடுவழியில் புதுப் பெட்டி வைத்தோம், மறுநாளே பழைய லைன்கள் படுத்தன

நல்லெண்ணத்தில் செய்யும் தவறு இது. கடைக்கோடி வீடுகளுக்கு வேகம் வேண்டுமென்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து 700 மீட்டர் தள்ளி ஒரு சிறு டிஎஸ்லாம் வைத்தோம். அதற்கு மாறிய வீடுகள் பறந்தன. மாறாமல் பழைய டிஎஸ்லாமிலேயே இருந்த 11 வீடுகள், அதே கேபிளில் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகிறவை, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

எண்ணில் பாருங்கள். 0.5 மிமீ கம்பியில் 700 மீட்டர் வருவதற்குள் 1 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் சுமார் 12 டெசிபல் தேய்ந்துவிடும், பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த இடத்தில் புதுப் பெட்டி முழுப் பவரோடு அதே அலைவரிசையில் தொடங்குகிறது.

### என்ன செய்வது

முதலில், பழைய டிஎஸ்லாமில் மிச்சமிருப்பவர்களையும் புதுப் பெட்டிக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். போர்ட் இருந்தால் அதுவே முழுத் தீர்வு, ஜம்பர் செலவுதான்.

முடியாவிட்டால் புதுப் பெட்டியில் டவுன்லோட் பவர் பின்னிழுப்பைப் போடுங்கள், டிபிபிஓ என்பார்கள். அது கேட்கும் முக்கியமான எண், கட்டுப்பாட்டு அறையிலிருந்து அந்தப் பெட்டி வரை 1 மெகாஹெர்ட்ஸில் எவ்வளவு டெசிபல் தேய்மானம் என்பது. மீட்டரைக் கொடுக்காதீர்கள், டெசிபலைக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு 12. இந்த எண்ணைக் கொடுத்தால் 2.2 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது பழைய ஏடிஎஸ்எல்2+ லைன்கள் வாழும் இடத்தில், புதுப் பெட்டி தன் சிக்னலையும் அவ்வளவு தூரம் நடந்து வந்தது போலத் தேய்த்து அனுப்பும். அதற்கு மேலே உள்ள அலைவரிசையில் முழுப் பவர். விடிஎஸ்எல்2 17ஏ 17.6 மெகாஹெர்ட்ஸ் வரை போவதால், புது வீடுகளுக்கு இழப்பு கொஞ்சம்தான்.

எங்கள் 11 வீடுகளில் 9 அன்றே நிமிர்ந்தன. மீதி இரண்டும் 0.4 மிமீ கம்பியில் போகின்றன என்று பிறகு தெரிந்தது. அந்தக் கம்பியில் தேய்மானம் அதிகம், 12 என்ற எண் அவர்களுக்குப் போதவில்லை. 14 ஆக்கியதும் சரியானது. கேபிள் எந்த அளவு என்று ஓடுகிற இடமெல்லாம் தெரியாவிட்டால், 1 கிலோமீட்டர் லூப் ரெசிஸ்டன்ஸ் 170 ஓம் பக்கம் வந்தால் 0.5 மிமீ, 270 பக்கம் வந்தால் 0.4 மிமீ என்று எடுத்துக்கொள்ளலாம்.

பழைய லைன்கள் வேறு நிறுவனத்துடையவை என்றால் நீங்களாக எதையும் தொடாதீர்கள். இரு தரப்புப் பொறியாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து எண்ணைப் பேசி முடிக்க வேண்டிய விஷயம் அது.

## அறிகுறி: மார்ஜின் அசையவில்லை, ஆனாலும் பிழை ஏறிக்கொண்டே இருக்கிறது

மார்ஜின் 8, 9 என்று நிலையாக நிற்கிறது, பிழை எண்ணிக்கை மட்டும் குபுகுபுவென்று ஏறுகிறது என்றால் அது கிராஸ்டாக் ஆக வாய்ப்பு குறைவு. மோட்டார், லிஃப்ட், மலிவான எல்இடி அடாப்டர் இவற்றின் வெட்டுச்சத்தம். பவரைத் தொட்டுப் பயனில்லை. மறு அனுப்பல் வசதி, அதாவது 2010-இல் வந்த ஜி.ஐஎன்பி, இரு முனையிலும் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் இன்டர்லீவைக் (தரவைக் கலைத்து அனுப்பிப் பிழையைச் சிதறடிப்பது) கூட்டுங்கள். தண்ணீர் மோட்டார் ஓடும் நேரத்தோடு பிழை ஏறும் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி வேலை முடியும்.

ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஏடிஎஸ்எல்2 வகையில் மின்சாரம் மிச்சப்படுத்த எல்2 என்ற நிலை இருக்கிறது. லைனில் போக்குவரத்து இல்லாதபோது பவர் இறங்கும், ஒருவர் வீடியோவைத் திறந்ததும் சட்டென்று ஏறும். பக்கத்து லைனுக்கு அது திடீர்த் திடீரென்று வரும் இரைச்சல், சரிசெய்துகொள்ள நேரமே கிடைக்காது. பவர் குறைவது நல்லதுதானே என்று நான் முதலில் இதை எல்லாப் போர்ட்டிலும் போட்டு வைத்திருந்தேன். எடுத்துவிட்டபிறகுதான் பிழை அடங்கியது. குறைந்த பவர் நல்லது, ஆனால் அது ஒரே நிலையில் நிற்க வேண்டும். எல்2-ஐ அணைத்துவிடுங்கள்.

## அறிகுறி: சில டோன்களில் மட்டும் ஊசி போல இரைச்சல்

அமைதி நேரத்து இரைச்சல் படத்தை எடுத்துப் பாருங்கள். கிராஸ்டாக் என்றால் அகலமான மேடாகத் தெரியும். ஊசி போல ஒரே இடத்தில் குத்தி நின்றால் வானொலி. கோவை நிலையத்தின் மத்திய அலை 999 கிலோஹெர்ட்ஸ். ஒரு டோன் 4.3125 கிலோஹெர்ட்ஸ் என்பதால் அது 231, 232-ஆவது டோன்களில் விழும். திருச்சியின் 936 என்றால் 217-ஆவது டோன். எண் பொருந்திவிட்டால் கேபிளில் பழி போட வேண்டாம். மேலே தொங்கும் டிராப் வயரின் முறுக்கையும் கேபிள் உறையின் எர்த்தையும் பாருங்கள். அந்த டோன்களை மோடம் தானாகவே விட்டுவிடும், இழப்பு அற்பம்.

## அறிகுறி: வெக்டரிங் போட்டும் பலன் இல்லை

வெக்டரிங், ஜி.993.5, 2010-இல் தரமானது. எல்லா லைனையும் ஒன்றாகக் கணக்கிட்டுக் கிராஸ்டாக்கை எதிர்ச்சிக்னலால் அழிக்கிறது. அது வேலை செய்தால் மேலே சொன்ன பவர் சிக்கனத்தில் பாதி தேவையே படாது. வேலை செய்யாதபோது பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான்.

குழுவுக்குள் வெக்டரிங் தெரியாத மோடம் ஒன்று இருந்தாலும் அது மற்றவர்களின் லாபத்தைத் தின்னும். போர்ட் பட்டியலில் வெக்டரிங் நிலையைப் பார்த்து, தெரியாதவருக்கு மென்பொருள் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் மோடம் மாற்றுங்கள். அதுவரை அவரை 2.2 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, ஏடிஎஸ்எல்2+ முறையில் ஓடவிட்டால் மேல் அலைவரிசை மற்றவர்களுக்குச் சுத்தமாகக் கிடைக்கும்.

அடுத்தது, ஒரே கேபிளில் இரண்டு டிஎஸ்லாம் ஓடினால், ஒன்றின் கணக்கில் மற்றதன் லைன்கள் இருக்காது. அவற்றின் கிராஸ்டாக்கை எந்த வெக்டரிங்கும் அழிக்காது. ஒரே டிஎஸ்லாமுக்குள்ளும் இரண்டு கார்டுகள் தனித்தனிக் குழுவாக இருக்கலாம். ஒரு கேபிளின் லைன்கள் எல்லாம் ஒரே குழுவுக்குள் வரும்படி ஜம்பர்களை மாற்றுங்கள். ஒரு சனிக்கிழமை முழுக்க எம்டிஎஃப் முன்னால் நிற்க வேண்டியிருக்கும். நோட்டில் பழைய போர்ட், புதுப் போர்ட் என்று இரண்டு பத்தி போட்டு, ஒவ்வொரு ஜம்பரையும் கிரோனில் (கம்பியை அழுத்திச் செருகும் இணைப்புப் பட்டை) அடித்த உடனே எழுதிக்கொண்டு போங்கள். சாயங்காலம் ஒரு வீடு வரவில்லை என்று போன் வரும்போது அந்தப் பக்கம் இல்லாமல் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இவ்வளவும் சரியாக இருந்து ஒரே ஒரு லைன் மட்டும் வெக்டரிங் குழுவில் தங்காமல் விழுந்துகொண்டே இருந்தால், மேலே போய் ஜோடி மாறிய பகுதியை எடுத்து, அந்த ஜோடியின் கெபாசிடன்ஸை அளந்து பாருங்கள்.